ஆப்பிள் வாங்கப் படித்த பிரெஞ்சு

முதல் தடவை அந்தக் கேசட்டைப் போட்டபோது வீட்டில் நான்கு பேர் இருந்தோம்: நான், அம்மா, அக்கா, அக்காவின் கணவர். அப்பா இல்லை. அவர் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் இருந்தார். தோட்டம் என்று சொல்வது பழக்கத்தில்தான். பழைய முதலாளி அதை விற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வாங்கியவர்கள் பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் முக்கால்வாசி வீடுகள் காலி. சாய்த்த மரங்களையும் ஆளில்லாத லயத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி வேண்டும் என்று புது முதலாளி கேட்டபோது அப்பா ஒருவர்தான் கையைத் தூக்கினார். மற்ற நாங்கள் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அப்பா மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

கேசட் பெட்டி அக்காவின் கணவருடையது. நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். கேமரன் மலையிலிருந்து ஈப்போ மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரியை ஓட்டுவது அவர் வேலை. அந்தப் பெட்டியில் அதுவரை சினிமாப் பாட்டைத் தவிர வேறெதுவும் ஓடியதில்லை. அன்றைக்கு ஒரு பெண் குரல் "பொன்ழூர், மெஸியே" என்றது. ஓர் ஆண் குரல் "பொன்ழூர், மதாம்" என்றது. பிறகு ஒன்றுமில்லை. நாடா இரையும் சத்தம் மட்டும்.

"ஏன் பேசாம இருக்குதுங்க?" என்றாள் அம்மா. பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். "சண்டையா?"

"சண்ட இல்ல அத்த. மச்சான் திருப்பிச் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. மரியாத தெரிஞ்ச ஆளுங்க லா, பிரான்சுக்காரங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. அக்கா எழுந்துபோய்ப் பெட்டியை நிறுத்தினாள். "சொல்லுடா," என்றாள். "கரண்டு காசு ஓடுதுல்ல."

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அக்கா ஆறாம் வகுப்போடு நின்று, அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். அவள் வெட்டிய பாலில்தான் என் சப்பாத்து, என் பஸ் கட்டணம், என் பரீட்சைக் கட்டணம் எல்லாம். படித்து முடித்த பிறகு இரண்டு வருடம் எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி எந்த வேலையும் கிடைக்கவில்லை. கடைசியில் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு நூல் ஆலையில், ஸ்டோரில் பெட்டி எண்ணும் தினக்கூலி வேலை கிடைத்தது. அங்கேயே நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மதியம் ஈப்போவுக்கு பஸ் ஏறுவேன். அப்பா மட்டும் தோட்டத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மவன் ஆபீசுல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் ஆலைக்குப் புது இயந்திரங்கள் வந்தன. பிரான்சிலிருந்து வந்தவை. அவற்றோடு ஒரு எஞ்சினியரும் அவர் மனைவியும் வந்தார்கள். இயந்திரங்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இங்கிருந்து இரண்டு பேரை ஆறு மாதம் அங்கே அனுப்புவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். திரும்பி வந்தால் டெக்னீஷியன், மாதச் சம்பளம். ஒரே நிபந்தனை, சின்னதாக ஒரு பேச்சுத் தேர்வு. ஐந்து பேர் பெயர் கொடுத்தோம். எஞ்சினியரின் மனைவியே எங்களுக்குப் பத்து வாரம் பாடம் எடுத்தார். புதன்கிழமை வேலை முடிந்ததும் கேன்டீனில். நாங்கள் அவரை மதாம் என்றே கூப்பிட்டோம்.

பத்து வாரமும் ஒரே இடம்தான்: சந்தை. ஆப்பிள் வாங்குவது, முட்டை வாங்குவது, ரொட்டி வாங்குவது. எல்லாம் ஆறு வரி, எட்டு வரிப் பேச்சு. இயந்திரத்தின் பாகங்களுக்கு பிரெஞ்சில் என்ன பெயர் என்று ஒருவன் கேட்டதற்கு மதாம் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "அதை அங்கே போய்க் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் போன முதல் நாளே பசிக்குமே!" என்றார். ஆளுக்கு ஸ்டென்சிலில் அச்சடித்த ஒரு புத்தகமும் ஒரு கேசட்டும் கொடுத்தார். அந்தக் கேசட்தான் புந்தோங்குக்கு வந்தது.

சனி இரவும் ஞாயிறும் எங்கள் வீடு பாடசாலை ஆனது. நான் புத்தகத்தைப் பிடித்திருப்பேன். அக்கா பெட்டியின் பொத்தானில் விரலை வைத்திருப்பாள். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு பின்னால் ஓட்ட வேண்டும் என்பது மூன்றே வாரத்தில் அவளுக்கு விரலில் வந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் வந்தது. நான் ஒரு வாக்கியத்தை ஐந்து தடவை திக்கும்போது, அவள் தலையை நிமிர்த்தாமல் அதைச் சரியாகச் சொல்லிவிடுவாள். கேசட்டில் இருக்கும் பெண்ணே எங்கள் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கடைக்காரி ஒவ்வொரு பொருளையும் கொடுத்துவிட்டு "ஏ அவெக் ஸா?" என்று கேட்பாள். அதோடு வேறென்ன வேண்டும் என்று அர்த்தம். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மாமாவுக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏ அவெக் ஸா?" என்பாள்.

"பாத்தியா மச்சான்," என்பார் மாமா. "ஒனக்குப் பாடம், எனக்கு அப்பளம் இல்ல. கேட்டா பிரெஞ்சுல திட்டுறா."

அம்மா மட்டும் நான்காம் பாடம் வரை பாடத்தில் தலையிடவில்லை. நான்காம் பாடத்தில் ஒருவன் ஆப்பிள் வாங்க வருகிறான். விலை கேட்கிறான். ஒரு கிலோ எட்டு பிராங்க் என்கிறாள் கடைக்காரி. அவன் "ஸே த்ரோ ஷேர்" என்கிறான். ரொம்ப விலை என்று பொருள். அவள் நல்ல பழம் என்கிறாள். அவன் சரி என்று எட்டு பிராங்க் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான் பாடம். நான் தமிழில் விளக்கியதும் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"வெல ஜாஸ்தின்னு சொன்னான்ல?"

"சொன்னான்."

"அப்புறம் ஏன் குடுத்தான்?"

"பாடம் அப்படிம்மா."

"என்னா பாடம் இது! வெவரம் கெட்டவன் கடைக்குப் போன கதய படிச்சிக்கிட்டு இருக்க. இத படிச்சிட்டு நீ அங்க போனா, ஒன் சட்டய கழட்டிக்கிட்டு அனுப்புவாங்க."

அம்மாவுக்கு இது விளையாட்டுப் பேச்சில்லை. தோட்டத்தில் ஒரே ஒரு கடைதான் இருந்தது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், தீபாவளிப் புடவை எல்லாம் அங்கேதான். கடைக்காரர் சொன்னதுதான் விலை, காட்டியதுதான் எடை. முப்பது வருடம் அவள் அந்தக் கடையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஈப்போவுக்கு வந்த முதல் வாரம், காலையில் மார்க்கெட்டுக்குப் போனவள் மதியம் வரை திரும்பவில்லை. நாங்கள் பயந்துபோய்த் தேடக் கிளம்பும்போது வெறுங்கூடையோடு வந்தாள். காய்கறி வரிசையில் இருந்த எல்லாக் கடையிலும் கத்தரிக்காய் விலை கேட்டிருக்கிறாள். ஒன்றும் வாங்கவில்லை. கேட்க முடிகிறது என்பதற்காகவே கேட்டிருக்கிறாள். அன்று நாங்கள் சாப்பிட்டது ரசமும் கருவாடும். அம்மா ஊர்வலம் பார்த்து வந்தவள் மாதிரி உற்சாகமாக இருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேரம் பேசுவது கைவந்துவிட்டது. விலை ஜாஸ்தி என்று மலாயில் "மஹால் லா", குறைத்துக் கொடு என்று கேன்டனீஸில் "பெங் தி லா", தமிழில் இன்னும் நிறைய. எந்தப் பாஷையில் தொடங்கினாலும் கடைசி எப்போதும் ஒன்றுதான்: பொருளைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடப்பது.

"ஏழு அடி," என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "ஏழு அடி நடக்கணும். வேகமா நடக்கக் கூடாது, நெசமாவே போறான்னு விட்டுருவான். மெதுவா நடந்தா இவன் சும்மா நடிக்கிறான்னு தெரிஞ்சிரும். ஏழு அடிக்குள்ள கூப்புடுவான். திரும்பிப் பாத்த, போச்சு."

"பாடத்துல அது இல்லம்மா."

"பாடத்துல இல்லாட்டி என்னா? ஒனக்குக் கால் இல்லயா?"

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. ஆப்பிள் எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும்போது மட்டும் வாங்கும் பழம். அதனால் கத்தரிக்காயை வைத்துக்கொண்டோம். மாமா கடைக்காரர். அவர் மேசையைத் தட்டி, "வாங்க வாங்க, கேமரன் ஆப்பிள், வண்டு இல்லாத ஆப்பிள்!" என்று தமிழில் கூவுவார். நான் பிரெஞ்சில் விலை கேட்பேன். "ஹ்யூயி பிராங்க்!" என்பார். எட்டு. நான் "ஸே த்ரோ ஷேர்" என்று கத்தரிக்காயை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வீடு சின்னது. நான்காவது அடியில் வாசல், ஐந்தாவதில் படி. ஆறும் ஏழும் மண்ணில். அங்கே நின்றால் பக்கத்து வீட்டு வாத்துகள் என்னைப் பார்க்கும். உள்ளேயிருந்து மாமா வேண்டுமென்றே கூப்பிடாமல் இருப்பார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல், "மெஸியே! மெஸியே!" என்று கத்துவாள். அதன் பிறகுதான் நான் உள்ளே வரலாம்.

ஒரு ஞாயிறு அம்மா இதை உண்மையிலேயே செய்து பார்த்தாள். நானும் கூட இருந்தேன். தவுகே என்கிற முளைப்பயறு விற்கும் சீனக் கிழவர், ஈரத் தவுகேயைக் குவித்துவிட்டு விலை சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "ஸே த்ரோ ஷேர்," என்றாள்.

கிழவர் கையை நிறுத்தினார். "ஆப்பா சக்காப்?" என்றார். என்ன சொல்கிறாய் என்று மலாயில் கேட்டார்.

அம்மா மறுபடியும் அதையே சொல்லிவிட்டு நடந்தாள். நான்காவது அடியில் அவர் கூப்பிட்டுவிட்டார். விலையைக் குறைத்தாரா என்று கேட்டால், இல்லை. மேலே ஒரு பிடி தவுகே அள்ளிப் போட்டார். அந்தப் பாஷையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அம்மா சொன்னாள். பக்கத்துக் கடைக்காரியும் சொல்லச் சொன்னாள். அன்று வீடு வரும்வரை அம்மா அதையே தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தேர்வுக்கு முந்திய ஞாயிறு அப்பா வந்தார். பஸ்ஸில் வந்த களைப்போடு மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் நடத்திய கூத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தார். நான் வாசலுக்கு வெளியே நின்றதையும், அக்கா கூப்பிட்டதையும், உள்ளே வந்து கத்தரிக்காய் வாங்கியதையும் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்.

"கூப்புடலன்னா?"

"அடுத்த கடைக்குப் போலாம்," என்றாள் அம்மா.

"கட ஒண்ணுதான் இருக்குன்னா?"

அம்மா கொஞ்சம் கோபமாக, "தோட்டம் இல்ல இது, ஈப்போ," என்றாள். "ஒங்களுக்கு யாராச்சும் ஒண்ணு சொன்னா, சரின்னு தலையாட்டுறது, அவ்ளோதான். சொன்ன வெலய குடுத்துக் குடுத்தே காலம் போச்சு."

"குடுத்தேன்," என்றார் அப்பா. "அரிசி கெடச்சிச்சில்ல."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பஸ் நிறுத்தத்துக்கு அவரோடு நடந்தேன். ஏறும்போது, "எத்தன பேரு எடுக்குறாங்க?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "பரீட்ச அன்னிக்கு வெள்ள சட்ட போட்டுக்க," என்றார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். ஆலையின் கூட்ட அறை. வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. ஐந்து பேரில் நான் நான்காவது. எனக்குப் பிறகு ஒருவன்தான். பாரிட் புந்தாரிலிருந்து வந்து அந்த ஆலையில் வேலை செய்த மலாய்க்காரன். என்னோடு ஒரே அறையில் தங்கியவன். இரவில் பாயில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் முட்டையும் ரொட்டியும் விற்றிருக்கிறோம்.

உள்ளே மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, உண்மையான ஆப்பிள்களை அடுக்கியிருந்தார் மதாம். இடுப்பில் ஏப்ரன் கட்டியிருந்தார். ஓரத்தில் ஆலையின் பணியாளர் அதிகாரி காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நேரம் பார்ப்பதும் குறிப்பதும் அவர் வேலை.

நான் புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். சத்தியமாக. வணக்கம் சொன்னேன். ஓர் ஆப்பிளைக் கையில் எடுத்து, ஆப்பிள் வேண்டும் என்றேன். ஒரு கிலோ எவ்வளவு என்றேன். "ஹ்யூயி பிராங்க், மெஸியே," என்றார் மதாம்.

"ஸே த்ரோ ஷேர்," என்றேன். அது பாடத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு, நல்ல பழம் என்று அவர் சொன்னார். அதுவும் இருக்கிறது. அடுத்து நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கை ஆப்பிளைக் கீழே வைத்தது. "கத்ர்" என்று என் வாய் சொன்னது. நான்கு. மதாமின் புருவம் உயர்ந்தது. "ஆ, நோன்!" என்றார். என் கால்கள் திரும்பின. ஏழு ஞாயிறு பழகிய கால்கள். கதவு மூன்றாவது அடியில் வந்தது. அதைத் திறந்து, வெளியே போய், பின்னால் சாத்தியும் விட்டேன்.

சாத்திய சத்தம் கேட்டபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

பெஞ்சில் இருந்த நண்பன் எழுந்தான். "முடிஞ்சிருச்சா?" என்று மலாயில் கேட்டான்.

"இல்ல."

"பின்ன ஏன் வெளிய வந்த?"

"கூப்புடுவாங்க."

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தான். உள்ளே சத்தம் இல்லை. நான் ஏழாவது அடியில் நின்றிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தட்டி, மன்னித்துக்கொள்ளுங்கள், தவறுதலாக வந்துவிட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல பிரெஞ்சில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. மன்னிப்புக் கேட்கும் பாடம் எங்களுக்கு வந்திருக்கவில்லை. அப்பா மூலையில் உட்கார்ந்து கேட்டது அப்போது காதில் கேட்டது. கடை ஒன்றுதான். இதைவிட்டால் நான் போய் விலை கேட்க வேறு கடை கமுந்திங்கில் இல்லை, ஈப்போவில் இல்லை, எங்கேயும் இல்லை. அக்காவின் விரல் பொத்தானில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தன. நான் வெளியே இருந்தேன்.

கதவு திறந்த சத்தத்தில் என்னை அறியாமல் திரும்பிவிட்டேன். அதிகாரி. என்னைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்து, "அடுத்த ஆள்," என்றார். அவர் கையில் இருந்த தாளில் என் பெயர்மேல் குறுக்கே ஒரு கோடு ஓடியிருந்தது. பேனா மை இன்னும் காயவில்லை.

நண்பன் எழுந்திருக்கவில்லை. அவனுக்கும் அது ஒரே கடைதான். அதை நான் பிறகுதான் யோசித்தேன். அவன் உட்கார்ந்தபடியே, "அவன் இன்னும் முடிக்கல சார்," என்றான்.

"வெளியே வந்துவிட்டானே!"

"வெல படியல சார். கூப்புட்டா வருவான்."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பெரிய சிரிப்பு, மேசையில் கையடித்துச் சிரிப்பது. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் மதாம் எட்டிப் பார்த்தார். ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரலில் கூவினார்:

"மெஸியே! மெஸியே! ஸெத் பிராங்க்!"

ஏழு.

திரும்பி நடந்தேன். ஏழு பிராங்க்குக்குச் சரி என்றேன். அவர் ஆப்பிளை நிறுத்துப் பையில் போட்டு, "ஏ அவெக் ஸா?" என்று கேட்டார். அவ்வளவுதான், நன்றி, போய் வருகிறேன் என்று மூன்றையும் தவறில்லாமல் சொன்னேன். அக்கா சொல்கிற மாதிரியே சொன்னேன். மதாம் அதிகாரியிடம் திரும்பி, "என் புத்தகத்தில் யாரும் கடையைவிட்டு வெளியே போனதே இல்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்தக் கோட்டைக் காட்டி, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதிகாரி கோட்டின்மேல் இன்னொரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

மூன்று நாள் கழித்துப் பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது நண்பனுடையது. சனிக்கிழமை பஸ்ஸில் போய் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது அடியில கூப்புட்டாங்க?" என்பது. அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு வந்து, கேசட்டை என்னோடு எடுத்துப் போகிறேனா, வைத்துவிட்டுப் போகிறேனா என்று கேட்டாள். வைத்துவிட்டுப் போனேன்.

வடக்கு பிரான்சில் ஒரு சின்ன ஊர். மழை, ஈரக் கல், புகைக்கூண்டு. புதன்கிழமை தோறும் மாதா கோயில் முன்னால் சந்தை கூடும். முதல் புதன் நானும் நண்பனும் குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனோம். ஆப்பிள் குவியலில் சின்னக் கரும்பலகை செருகி, சுண்ணாம்புக்கட்டியால் விலை எழுதியிருந்தது. சிவந்த கன்னமுள்ள ஒரு கடைக்காரி. கேசட்டில் கேட்ட அதே "பொன்ழூர், மெஸியே". திருப்பிச் சொல்லிவிட்டு, ஓர் ஆப்பிளைக் கையில் எடுத்தேன்.

"ஸே த்ரோ ஷேர்," என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். பலகையைக் காட்டினாள். நான் ஆப்பிளை வைத்துவிட்டு நடந்தேன். நண்பன் பக்கத்தில் நடந்தான். ஏழு அடி ஆனது. பத்து ஆனது. பாலாடைக்கட்டிக் கடை தாண்டியது. மீன் கடை வந்தது.

"கூப்புடல லா," என்றான் நண்பன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் வேறு யாருக்கோ உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போனதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் மீனைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தோம். அவளுக்குக் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நிறுத்துக் கொடுத்துவிட்டு, "ஏ அவெக் ஸா?" என்று கேட்டாள்.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். மாமா லாரியிலேயே சுபாங் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிவந்தார். முட்டைக்கோஸ் வாசம் வழி முழுக்க. அதே மேசை, அதே கேசட் பெட்டி. இந்தத் தடவை அப்பாவும் இருந்தார். நான் இல்லாதபோது லயத்தை இடித்துவிட்டார்கள். காவல் காக்க ஒன்றும் மிச்சமில்லாமல், ஒரு தகரப் பெட்டியோடு புந்தோங்குக்கு வந்திருந்தார். அக்கா எனக்குக் குழம்பு ஊற்றினாள். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏ அவெக் ஸா?" என்றாள். ஆறு மாதம் அங்கே இருந்து வந்த என் உச்சரிப்பைவிட அது நன்றாக இருந்தது. நாடா தேய்ந்து போகிறவரை போட்டாள், பிராங்க் நம் காசுக்கு எவ்வளவு என்று பேப்பரில்கூடப் பார்த்தாள் என்று மாமா சொன்னார்.

சந்தைக் கதையைச் சொன்னேன். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கூப்புடவே இல்லயா?"

"இல்லம்மா."

"எத்தன அடி நடந்த?"

"முப்பது இருக்கும்."

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதான்!" என்று மேசையைத் தட்டினாள் அம்மா. "நான் சொன்னேன்ல? திரும்பிப் பாத்திருக்கான்!"

மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். அப்பா சிரிக்கவில்லை. தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, என் பக்கம் திரும்பி, விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டார்.

"கடசில எவ்ளோ குடுத்த?"

"பலகையில எழுதுனது. எட்டு பிராங்க்."

"நம்ப காசுக்கு?"

நான் மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வெள்ளி இருவது காசு."